மணலில் வரைந்த சித்திரம்

காசிமேட்டுக் கரையில் ஓர் அலை பின்வாங்கி மறு அலை வருவதற்குள், ஈரமணலில் குதிகாலால் ஒரு கோடிழுத்து, அதைப் படகென்று தமக்குள் நிச்சயித்துக்கொண்டு, அதன்மேல் ஒரு பாயும் பாயின் உச்சியில் ஒரு கொடியும் வரைந்து முடிக்குமுன்பே யாவும் நீரில் கரைந்துபோக, சற்றும் துக்கமின்றி மறுபடி முதலிலிருந்து வரையத் தொடங்கும் பிள்ளைகளை எத்தனையோ தலைமுறைகள் கண்டிருக்கின்றன. அங்கே நிலைக்காதது சித்திரம் மட்டுமன்று. அதைத் தாங்கிய மணலும் நிலைக்கவில்லை. 1875-இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, கடலுக்குள் கற்சுவர்கள் நீண்ட பிறகு, ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் மணல் அந்தச் சுவர்களில் தடைப்பட்டுத் தென்புறத்திலேயே தங்கிற்று. அதனால் மெரினா அகன்றது. மணல் வரவற்றுப்போன ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்துத் தின்றது. இன்று அக்கரையில் நெடுந்தூரம் கொட்டிக் கிடக்கும் கருங்கற்கள் அந்தச் சரித்திரத்தின் சாட்சிகள். இப்படி நிலமே கைவிட்டுப் போகும் ஓரிடத்தில், குழந்தை வரைந்த ஒரு கோட்டைக் காப்பாற்றுவது எப்படி என்ற கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். அது அற்பமானதன்று என்பதே என் அபிப்பிராயம்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தைக் கற்றார்கள். 1789-இல் எழும்பூரிலிருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து, தம் விடுதியிலும் அதைக் கைக்கொண்டார். மூத்த மாணாக்கன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையோடு அதைச் சேர்த்து 1797-இல் லண்டனில் ஒரு நூலாகவும் வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரோடு நம் மணல் தட்டு கடல் கடந்து இங்கிலாந்தின் பள்ளிகளுக்குள் புகுந்த விருத்தாந்தம் இது. மணலுக்குப் பின் சிலேட்டு வந்தது. இரண்டுக்கும் தர்மம் ஒன்றே: முன்னதை அழித்தால்தான் அடுத்த பாடம். ஆகையால் பிள்ளை வரைந்ததை எடுத்து வைக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றாமற் போனதற்குக் காரணம் அன்பின்மை அன்று. எடுத்து வைப்பதற்கு இடங்கொடுக்கும் பொருளே பிள்ளையின் கையில் இல்லை.

காகிதமும் பென்சிலும் பள்ளிக்குள் வந்தபோது வேறொரு தடை வந்தது. காசிமேட்டுக்கு அதிக தூரமில்லாத பிராட்வேயில், 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாகக் கீர்த்தியோடு விளங்குகிறது. ஆனால் அக்காலத்தில் சித்திரக் கல்வி என்பது பெரும்பாலும் மாதிரியைப் பார்த்துப் பிசகின்றி எழுதுவதாகவே இருந்தது. பூச்சாடியும் கனசதுரமும் கோணல் இல்லாமல் வரவேண்டும். பிள்ளை தானே கண்டுபிடித்த கோடு அங்கே பிழையென்று எண்ணப்பட்டு ரப்பரால் துடைக்கப்பட்டது. மணலில் அலை செய்ததைக் காகிதத்தில் உபாத்தியாயரின் திருத்தம் செய்தது.

இந்த எண்ணம் மாறுவதற்குப் பல தேசங்களில் பலர் உழைத்திருக்கிறார்கள். இத்தாலியில் கொராதோ ரிச்சி என்பவர், மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு தாழ்வாரத்தின் சுவரில் பிள்ளைகள் கிறுக்கியிருந்த சித்திரங்களைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கி, 1887-இல் குழந்தைகளின் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897-இல் குழந்தைகளுக்கென்றே ஒரு கலை வகுப்பைத் தொடங்கி, அவர்கள் தம் இஷ்டப்படி வரைவதற்கு இடங்கொடுத்தார். நம் நாட்டில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-இல் குழந்தைகளுக்காக ஒரு சித்திரப் போட்டியை ஏற்படுத்த, அது மறு ஆண்டிலேயே உலகக் குழந்தைகள் அனைவருக்கும் உரியதாக விரிந்தது.

மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று படகை வரைவதாக வைத்துக்கொள்வோம். படகின் அடிப்புறமும், அதற்குக் கீழே நீருக்குள் விரிந்த வலையும், வலைக்குள் சங்கராவும் வஞ்சிரமும் வெளிப்படையாகத் தெரியும்படி அது வரையும். கரையில் நிற்பவன் கண்ணுக்கு அவை புலப்படாவே என்ற ஆட்சேபம் அதற்கு இல்லை. பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927-இல் வெளியிட்ட நூலில் விளக்கியபடி, குழந்தை தான் காண்பதையன்று, தான் அறிந்ததையே வரைகிறது. அப்படியானால் காசிமேட்டுப் பிள்ளையின் படம், தகப்பன் கடலுக்குள் செய்யும் தொழிலைப் பற்றி அந்தப் பிள்ளை அறிந்தது அனைத்தையும் எழுதி வைத்த ஓர் ஏடு. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்து போனபின், தமிழ்நாட்டுக் கடற்கரையெங்கும் வாய்திறந்து பேசமாட்டாத பிள்ளைகளிடம் காகிதமும் வர்ணமும் கொடுக்கப்பட்டபோது, அவர்கள் வீட்டைவிட உயரமான அலையை வரைந்தார்கள். அதிகாரிகளின் அறிக்கை படகுகளின் எண்ணிக்கையைச் சொல்லும். அலையின் உயரம் ஏழு வயதுக் கண்ணுக்கு எப்படித் தோன்றியது என்பதை அந்தப் படங்களே சொல்லும்.

இத்தகைய படங்களை உயிரைப்போல் காத்த ஒருவரை இங்கே நினைக்கவேண்டும். நாஜிகள் தெரேசின் என்ற ஊரில் அடைத்து வைத்திருந்த யூதக் குழந்தைகளுக்குச் சித்திரம் கற்பித்த ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற அம்மையார், 1944-இல் தாம் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்படுமுன், ஏறத்தாழ 4,500 சித்திரங்களை இரண்டு பெட்டிகளில் வைத்து மறைத்துச் சென்றார். அவர் திரும்பவில்லை, அக்குழந்தைகளில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை. பிராகிலுள்ள யூத அருங்காட்சியகத்தில் அச்சித்திரங்கள் இன்றும் இருக்கின்றன. படத்தில் தங்கள் பெயரை எழுதும்படி அவர் குழந்தைகளைப் பழக்கியிருந்தமையால், எத்தனையோ பிள்ளைகளின் பெயர் உலகத்தில் நிலைத்துவிட்டது.

காசிமேட்டில் பிள்ளைகளின் காகிதத்துக்குப் பகைவர் பலர். உப்புக் காற்றும் ஈரமும் டிரங்குப் பெட்டிக்குள்ளும் புகும். மலிவான காகிதம் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். ஸ்கெட்ச் பேனாவின் மை வெயிலில் வெளுக்கும். மெழுகு வர்ணம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை வீடுகளில் வெள்ளம் புகுந்ததும், எண்ணூர்ப் பக்கம் அந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்ததும் நாம் அறிவோம். நீர் மட்டம் உயரும்போது மனிதர் முதலில் ரேஷன் கார்டையும் பத்திரங்களையும் தூக்குவார்களேயன்றிப் பிள்ளையின் சித்திர நோட்டைத் தூக்கமாட்டார்கள். அது அவர்கள் குற்றமன்று.

ஆகவேதான் மின்னணுப் பிரதி இக்கரைக்கு அவசியமாகிறது. ஸ்கேனர் உள்ள இடத்தில் சாதாரணப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி நுட்பத்திலும், சிறிய படத்தை 600 புள்ளியிலும் பதிவு செய்து, மூலப் பிரதியை டிஃப் வடிவிலும், பிறருக்கு அனுப்பும் பிரதியை ஜேபெக் வடிவிலும் வைத்துக்கொள்ளலாம். ஸ்கேனர் இல்லாவிட்டால் செல்பேசியே போதும். நிழலில், காலை வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், படத்துக்கு நேர் மேலாகப் பிடித்து எடுக்கவேண்டும். எடுத்ததை வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுட்பம் குறைந்துவிடும் என்பதையும், செல்பேசி கடலில் விழுந்தால் அதிலிருந்ததும் அதனுடன் போய்விடும் என்பதையும் மறக்கலாகாது. மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வேறு விதமான சாதனங்களில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்று வெள்ளம் எட்டாத வேறோர் ஊரில் இருக்கவேண்டும்.

இயந்திரத்தில் ஏற்றிவிட்டால் சாசுவதம் வந்துவிட்டது என்று எண்ணுவதும் மயக்கமே. ஹார்டு டிஸ்க் சில ஆண்டுகளில் பழுதாகும். நேற்றைய ஃபிளாப்பியை வாசிக்க இன்று கருவி கிடைப்பது அரிது. இந்த உண்மை தமிழர்க்குப் புதிதன்று. ஓலைச்சுவடி தானாக நிலைத்திருக்கவில்லை. எண்ணெய் பூசி, மை தடவி, செல்லரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிய கைகளால் நிலைத்தது. பெயர்த்தெழுத ஆளில்லாத வீட்டின் ஏடுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்டன. மின்னணுப் பிரதியும் அத்தகைய ஓர் ஏடுதான். ஐந்தாறு ஆண்டுகளுக்கொருமுறை புதிய ஓலைக்கு மாற்றுபவர் இருந்தால் வாழும், இல்லையேல் மாயும். கோட்டையூரில் ரோஜா முத்தையா பிறர் வீசியெறிந்த நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூடத் தேடிச் சேகரித்தபோது அவற்றின் மதிப்பை அறிந்தவர் சிலரே. அச்சேகரத்தை அஸ்திவாரமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் எழுந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு இன்று பல தேசத்து அறிஞர்கள் வருகிறார்கள். குழந்தைச் சித்திரத்துக்கும் அத்தகைய ஒரு முத்தையா ஒவ்வொரு குப்பத்திலும் வேண்டும்.

அதற்குக் காலமும் வாய்த்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. தகப்பன் வலையைச் சீர்செய்துகொண்டு ஊரிலிருக்கிறான். அதே காலத்தில் பள்ளிக்கும் விடுமுறை. அந்த நாட்களில் பிள்ளையை அருகில் இருத்தி, ஆண்டு முழுவதும் வரைந்ததை எடுத்துப் பார்த்து, எதை வைத்துக்கொள்வது என்பதை அதன் சம்மதத்தோடே முடிவு செய்யலாம். வெளியாருக்குக் காட்டுவதானால் பெற்றோரின் அனுமதியும் வேண்டும். முழுப் பெயரும் விலாசமும் வெளியே தெரியவேண்டியதில்லை. வீட்டுப் பிரதியில் மட்டும் அவை இருக்கட்டும்.

இவையனைத்துக்கும் முன்னே செய்யவேண்டியது ஒன்றுண்டு. அதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் பிள்ளையின் பெயர், வயது, தேதி ஆகியவற்றை எழுதி, அதன் கீழே இது என்னவென்று பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவிடவேண்டும். மூன்று நீலக் கோடுகளையும் ஒரு கரும்புள்ளியையும் எந்த ஸ்கேனரும் பதிவு செய்யும். அந்தப் புள்ளிதான் கடலிலிருந்து திரும்பி வரும் அப்பாவின் படகு என்பதை, எழுதி வைத்த அந்த ஒரு வரி மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் சொல்லும்.