காசுல இருக்கற வருஷமும் மண்ணுல இருக்கற வருஷமும்

நிலத்துல பழைய காசு கிடைச்சா எங்க பக்கம் முதல்ல கேக்கற கேள்வி, "எத்தனை கிராம் இருக்கும்?" ரெண்டாவது, "யாரும் பாக்கலையே?" எந்தக் காலத்துக் காசுங்கறது மூணாவதாத்தான் வரும். நாலாவதா வரவேண்டிய கேள்வியை யாருமே கேக்கறதில்லை. எந்த இடத்துல, எத்தனை அடி ஆழத்துல, கூட வேற என்ன இருந்துச்சு? இந்தப் பதிவு அந்த நாலாவது கேள்வியைப் பத்தி.

கோயமுத்தூர்ல இருந்து கரூர் வரைக்கும் நொய்யல் ஓடற இந்தப் பூமி, இந்தியாவுல ரோமானிய வெள்ளிக் காசு அதிகமா கிடைச்ச இடங்கள்ல ஒண்ணு. வெள்ளலூர், பொள்ளாச்சி, காத்தாங்கண்ணி, கரூர்னு ஊர்ப்பேரை அடுக்கிக்கிட்டே போகலாம். வெள்ளலூர்ல 1842-ல ஒரே புதையல்ல 522 காசு கிடைச்சிருக்கு. காரணம் லேசா புரியும். மேற்குக் கடற்கரைத் துறைமுகத்துல இறங்கினவங்க பாலக்காட்டுக் கணவாய் வழியா உள்ளே வரணும். காங்கேயம் பக்கம் படியூர்ல நீலப்பச்சைக் கல் இருந்துச்சு. சென்னிமலை பக்கம் கொடுமணல்ல அந்தக் கல்லை மணியாக்குற பட்டறையும் இரும்பு உலையும் இருந்தது அகழாய்வுல தெரிஞ்சிருக்கு.

சரி, ஒரு ரோமானியக் காசை எப்படி அடையாளம் காணறது? அதுக்குன்னு ஒரு பெரிய பட்டியல் இருக்கு. ரோமன் இம்பீரியல் காய்னேஜ்னு பேரு. முதல் தொகுதி 1923-ல வந்தது, அதைச் சதர்லாண்ட் என்பவர் திருத்தி 1984-ல மறுபடி கொண்டுவந்தார். பேரரசர் வாரியா, காசு வாரியா எண் கொடுத்திருப்பாங்க. முன்பக்கம் யார் தலை, சுத்தி என்ன எழுத்து, பின்பக்கம் என்ன உருவம், எந்த அக்கசாலையில அடிச்சதுன்னு ஒவ்வொண்ணுக்கும் விவரம் இருக்கும். இப்ப அமெரிக்க நாணயவியல் கழகம் அந்தப் பட்டியலை இணையத்துலயே இலவசமா வச்சிருக்கு. வரப்புல உக்காந்துக்கிட்டு போன்லயே பாக்கலாம்.

நம்ம பக்கம் கிடைச்ச வெள்ளியில ரெண்டு வகைதான் ரொம்ப அதிகம். ஒண்ணு அகஸ்டஸ் அடிச்சது. பின்பக்கம் அவர் பேரப்பிள்ளைங்க கையஸ், லூசியஸ் ரெண்டு பேரும் கேடயத்தோட நிப்பாங்க. இன்னொண்ணு திபேரியஸ் அடிச்சது. பின்பக்கம் ஒரு பொம்பளை கோலும் கிளையும் பிடிச்சு உக்காந்திருப்பா. ரெண்டுமே இன்னைக்கு பிரான்ஸ்ல இருக்கற லியோன் நகரத்துல அடிச்சது. திபேரியஸ் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை. அப்போ காசு அடிச்ச காலம் தெரிஞ்சுபோச்சு.

ஆனா சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது. இந்தியாவுல கிடைச்ச ரோமானியக் காசுகளை எல்லாம் தொகுத்து ராபர்ட் சீவெல் 1904-ல ஒரு பெரிய கட்டுரை எழுதினார். அகஸ்டஸ்ல இருந்து நீரோ வரைக்குமான காசு நிறைய, அதுக்கப்புறம் குறைவு. அதனால நீரோவுக்குப் பின்னால வியாபாரம் சரிஞ்சதுன்னு ஒரு முடிவு. ரொம்ப நாள் இதுதான் பாடம்.

பின்னால வந்த ஆய்வாளர்கள் வேற மாதிரி யோசிச்சாங்க. கி.பி. 64 வாக்குல நீரோ காசுல கை வச்சார். அதுவரைக்கும் ஒரு ரோமானியப் பவுண்டு எடையில 84 காசு அடிச்ச இடத்துல 96 அடிச்சாங்க. வெள்ளியோட சுத்தமும் குறைஞ்சுது. நம்ம ஆளுங்க எடை பாத்து, உரசிப் பாத்து வாங்கற ஆளுங்க. புதுக் காசை ஏன் வாங்கறான்? பழசு இருந்தா கொண்டா, இல்லைன்னா வேணாம்னு சொல்லியிருப்பான்.

இது எங்க அம்மாயிக்குத் தெரிஞ்ச பொருளாதாரந்தான். 1940-ல வெள்ளைக்காரன் ரூபாய்க் காசுல வெள்ளியைப் பாதியாக் குறைச்சான், 1947-ல நிக்கல் காசு வந்துருச்சு. அம்மாயி சுருக்குப் பையில முடிஞ்சு வச்சிருந்தது எல்லாம் விக்டோரியா ராணி காசுதான். அதை 1950-ல ஒரு பானையில போட்டுப் புதைச்சிருந்தா, ஐநூறு வருஷம் கழிச்சு எடுக்கறவன் ராணி தலையைப் பாத்துட்டு "இது 1800-கள்ல புதைச்சது, அதுக்கப்புறம் இந்த ஊர்ல காசு புழக்கமே இல்லை"ன்னு எழுதிடுவான்.

காசுல இருக்கறது அது பொறந்த வருஷம். அது நம்மூருக்கு வந்து மண்ணுக்குள்ள போன வருஷத்தை மண்ணுதான் சொல்லணும். கூட இருந்த பானை ஓடு, அது கிடந்த அடுக்கு, ஒரே பானையில வேற என்னென்ன காசு இருந்துச்சு, எவ்வளவு தேஞ்சிருந்துச்சு, இதெல்லாம் சேந்தாத்தான் பதில் வரும்.

புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல கிடைச்ச புதையலைப் பாருங்க. 501 தங்கக் காசு. பெரும்பாலானதுல பேரரசர் முகத்து மேல உளியால வெட்டின தழும்பு. மறுபடி பணமாப் புழங்கக் கூடாதுன்னுதான் வெட்டினாங்கங்கறது பொதுவான கருத்து. ஒரே ஒரு வெட்டுக் காசு கிடைச்சிருந்தா யாரோ விளையாட்டுக்குச் செஞ்சதுன்னு விட்டிருப்பாங்க. ஐநூறும் சிதறாம ஆய்வாளர் கைக்குப் போனதாலதான் அது பழக்கம்னு தெரிஞ்சுது. அதுல பாதி ஆசாரி உலைக்குப் போயிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்.

எதிர்ப்பக்கம் கரூர். அமராவதி ஆத்து மணல்ல கிடைச்ச ஒரு வெள்ளிக் காசுல ஒரு ராஜா தலை, மேல தமிழ் பிராமியில "மாக்கோதை". இரா. கிருஷ்ணமூர்த்தி சங்க காலத் தமிழ் நாணயங்கள் பத்தி எழுதின புத்தகத்துல இந்த மாதிரிக் காசுகளைப் பாக்கலாம். ரோமானியக் காசைப் பாத்து நம்ம சேரன் தன் முகத்தைப் போட்டுக்கிட்டான்னு நினைக்கறப்பவே சந்தோஷமா இருக்கும். ஆனா ஆத்து மணல்ல அடுக்கு கிடையாது. அதனால காலத்தை எழுத்தையும் வேலைப்பாட்டையும் வச்சுத்தான் கணிக்க முடியுது.

பூமி வச்சிருக்கறவங்க, இப்ப பண்ணை வாங்கற நகரத்து நண்பர்கள், எல்லாருக்கும் சொல்றேன். 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் எது கிடைச்சாலும் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். அரசு எடுத்துக்கிட்டா உலோக மதிப்பும் அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கும் கொடுக்கணும்னு அதுலயே இருக்கு. தெரிவிக்காம மறைச்சாத்தான் தண்டனை.

அதுவரைக்கும் நாம செய்யவேண்டியது கொஞ்சந்தான். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து போயிரும். பானையைக் கவிழ்க்க வேண்டாம். இருந்த இடத்துலயே ஒரு போட்டோ, எத்தனை அடி ஆழம்னு ஒரு அளவு, பக்கத்துல கிடக்கற ஓட்டைக் கலைக்காம விடறது. காசு எந்த ஊர்ல, எப்ப அடிச்சதுன்னு சொல்ல புத்தகம் இருக்கு. அது நம்ம காட்டுக்கு எப்ப வந்துச்சுன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்லை. மண்வெட்டி பிடிச்சிருக்கறவன் சொன்னாத்தான் அந்தப் பக்கத்தை யாராவது எழுத முடியும்.