எதிரி ஊரிலிருந்து வந்த கொயர்

1949ஆம் வருஷம். வடகிழக்கு வேல்ஸில் ஒரு சின்ன ஊர். பெரிய கூடாரம் போட்டிருக்கிறார்கள், உள்ளே ஜனம் நிரம்பி வழிகிறது. அடுத்து மேடை ஏறப் போவது ஜெர்மனியின் லூபெக் நகரத்திலிருந்து வந்திருக்கும் ஒரு பாடகர் குழு. போர் முடிந்து நாலே வருஷம்தான் ஆகியிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் மகனை இழந்தவர்களும் அண்ணன் தம்பியை இழந்தவர்களும் இருக்கிறார்கள். கை தட்டுவார்களா, கத்துவார்களா, இல்லை வாயே திறக்காமல் வெறிச்சென்று பார்ப்பார்களா? அந்தக் குழுவுக்கு அந்தப் பயம் இருந்தது.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அவர்கள் நல்லெண்ணக் கச்சேரிக்கு வரவில்லை, போட்டிக்கு வந்திருந்தார்கள். போட்டி என்றால் ஒருத்தர் ஜெயிக்கணும், மற்றவர்கள் தோற்கணும். பகையை ஆற்றுவதற்கு இப்படி ஒரு வடிவத்தை எவனாவது தேர்ந்தெடுப்பானா? தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று புரிய நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

முதலில் ஊரும் பெயரும்

ஊர் பெயர் லங்கோத்லென். ஆங்கிலத்தில் பார்த்தால் இரண்டு இடத்தில் இரட்டை ‘எல்’ இருக்கும். வெல்ஷ் மொழியில் அதற்குத் தனி ஒலி. நாக்கை ‘ல’ சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு குரல் இல்லாமல் வெறும் காற்றை ஊதிப் பாருங்கள், அதுதான். தமிழில் எழுத எழுத்து கிடையாது, என்னால் முடிந்தது இது. டீ என்ற ஆற்றங்கரையில், மலைகளுக்கு நடுவே உள்ள ஊர்.

வேல்ஸ்காரர்களுக்குக் கவிதைக்கும் பாட்டுக்கும் போட்டி வைப்பது பரம்பரைப் பழக்கம். அந்த விழாவுக்கு எய்ஸ்தெத்வொட் என்று பெயர். ‘உட்காருதல்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. சபை கூடுவது என்று வைத்துக்கொள்ளலாம். 1176இல் ரீஸ் என்ற பிரபு கார்டிகன் கோட்டையில் நடத்தியதை முதல் பெரிய விழாவாகச் சொல்வார்கள். கவிதையில் ஜெயித்தவருக்கு ஒரு நாற்காலி, இசையில் ஜெயித்தவருக்கு ஒரு நாற்காலி. இன்றைக்கும் வேல்ஸில் சிறந்த கவிஞருக்கு நாற்காலிதான் பரிசு.

அவமானமும் ரயில் பயணமும்

1847இல் லண்டன் அரசாங்கம் வேல்ஸின் கல்வி நிலையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. விசாரிக்கப் போன மூன்று ஆணையர்களும் ஆங்கிலேயர்கள், வெல்ஷ் தெரியாதவர்கள். வெல்ஷ் மக்கள் அறியாதவர்கள், ஒழுக்கம் குறைந்தவர்கள், அவர்கள் மொழியே முன்னேற்றத்துக்குத் தடை என்ற தொனியில் எழுதிவிட்டுப் போனார்கள். அந்த அறிக்கைகளின் அட்டை நீல நிறம். அதனால் வெல்ஷ் மக்கள் இதை ‘நீலப் புத்தகத் துரோகம்’ என்று இன்றும் சொல்கிறார்கள். காலனிய அறிக்கைகளைப் படித்துப் பழகிய நமக்கு இந்தத் தொனி புதுசில்லை.

இருபத்தைந்து வருஷம் கழித்து, 1872இல், தெற்கு வேல்ஸிலிருந்து ஏறக்குறைய 450 பேர் கொண்ட ஒரு கொயர் ரயிலேறி லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த தேசிய இசைப் போட்டிக்குப் போனது. அதில் பாடியவர்களில் நிலக்கரிச் சுரங்கத்திலும் இரும்பாலையிலும் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர். நடத்துநர் கிரிஃபித் ரீஸ் ஜோன்ஸ், கொல்லுப்பட்டறைத் தொழில் கற்றவர். கரடோக் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் எதிர்த்துப் பாட யாருமே வரவில்லை. ‘ஆளே இல்லாமல் ஜெயித்தீர்கள்’ என்று யாரும் சொல்லக்கூடாதல்லவா, 1873இல் மறுபடி போனார்கள். இந்த முறை லண்டன் குழு ஒன்று எதிரே நின்றது. ஜெயித்தார்கள். ஆபர்டேர் ஊரில் கரடோக்குக்குச் சிலை இருக்கிறது.

படிப்பு குறைந்த தொழிலாளிகள் ஹாண்டல், பாக் எழுதிய சிக்கலான பாட்டுகளை எப்படிக் கற்றார்கள்? அதற்கு டோனிக் சோல்ஃபா என்ற முறை உதவியது. ஐந்து கோடு, புள்ளி, வால் எதுவும் இல்லாமல் ஸ்வரங்களை வெறும் எழுத்தாக எழுதுவது. நாம் ச ரி க ம என்று எழுதுவது மாதிரியேதான். ஜான் கர்வென் என்ற பாதிரியார் இதை இங்கிலாந்தில் பரப்பினார். சாதாரண அச்சு எழுத்தே போதும் என்பதால் அச்சடிக்க மலிவு. பகலில் சுரங்கம், சாயங்காலம் சேப்பலில் ஒத்திகை. நம்மூர் சர்ச் கொயரில் பாடியவர்கள் சிலருக்கும் இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும்.

அடுத்தது கடல். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியோடு சேர்த்து அமெரிக்க வெல்ஷ்காரர்கள் ஒரு சர்வதேச எய்ஸ்தெத்வொட் நடத்தினார்கள். (விவேகானந்தர் பேசிய சர்வ சமயப் பேரவையும் அதே கண்காட்சியை ஒட்டி அதே செப்டம்பரில் நடந்ததுதான்.) ரோண்டா பள்ளத்தாக்கின் நிலக்கரி ஊர்களிலிருந்து ஓர் ஆண்கள் குழு, வடக்கே பென்ரின் சிலேட்டுக் குவாரியிலிருந்து இன்னொன்று, கிளாரா நோவெல்லோ டேவிஸ் நடத்திய பெண்கள் குழு ஒன்று என மூன்றும் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போயின. ஆண்கள் பிரிவில் ரோண்டா முதல், பென்ரின் இரண்டாவது. பெண்கள் பிரிவில் கிளாராவின் குழு ஜெயித்தது. பெரிய கலப்புக் குழுப் பிரிவில் பென்சில்வேனியாவின் சுரங்க ஊரான ஸ்க்ரான்டன் முதலிடம். யூட்டா மாநிலத்து மார்மன் டேபர்னக்கிள் குழுவுக்கு இரண்டாவது இடம். அந்த மார்மன் குழுவின் நடத்துநரும் வேல்ஸில் பிறந்தவரே.

இந்த மூன்று பயணத்திலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. மென்பொருள் ஆளாக இருப்பதால் எனக்கு அது சட்டென்று கண்ணில் படுகிறது. இரண்டு புரோகிராமில் எது வேகம் என்று பார்க்க, இரண்டுக்கும் ஒரே டேட்டாவைத்தான் கொடுப்போம். ஆளுக்கொரு டேட்டா கொடுத்தால் ஒப்பீடே கிடையாது. கொயர் போட்டியிலும் அப்படித்தான். மாதக்கணக்கில் முன்னாலேயே ‘இந்தப் பாட்டு’ என்று அறிவித்துவிடுவார்கள். சுரங்கக்காரனும் லண்டன்காரனும் அதே பாட்டைத்தான் பாட வேண்டும். நீலப் புத்தகம் எழுதியவர்கள் தங்கள் அளவுகோலை வெளியே காட்டவில்லை. போட்டியில் அளவுகோல் எல்லார் கையிலும் இருந்தது. தாழ்த்திப் பேசப்பட்ட ஒரு ஜனத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

உலகத்தை வீட்டுக்கு அழைத்தவர்கள்

இனி 1940களுக்கு வருவோம். ஹரால்ட் டியூடர் என்பவர் பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்த பத்திரிகையாளர். ஹிட்லர் பிடித்த நாடுகளின் அரசாங்கங்கள் அப்போது பிரிட்டனில் தஞ்சம் புகுந்திருந்தன. 1943இல் பேங்கரில் நடந்த தேசிய எய்ஸ்தெத்வொட்டுக்கு அவர்களின் பிரதிநிதிகளை அவர் கூட்டிப் போனார். போர் முடிந்ததும் எல்லா நாட்டுக்காரர்களையும் இப்படி ஒரு விழாவுக்கு அழைத்தால் என்ன என்ற யோசனை அவருக்கு வந்தது. இசையமைப்பாளர் டபிள்யூ. எஸ். க்வின் வில்லியம்ஸும் லங்கோத்லென் நகர சபைத் தலைவராக இருந்த ஜார்ஜ் நார்திங் என்ற ஆசிரியரும் அதைக் கையில் எடுத்தார்கள். ஊர்க்காரர்களிடமே நன்கொடை திரட்டினார்கள்.

1947 ஜூன் மாதம் முதல் விழா. நீலப் புத்தகம் வந்து சரியாக நூறு வருஷம். அப்போது பிரிட்டன் இருந்த நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில்கூட ரேஷன் ஆகாத ரொட்டி, 1946 ஜூலையிலிருந்து ரேஷனில். இறைச்சி, சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் கூப்பனுக்குத்தான். இந்த நிலையில் வெளிநாட்டுப் பாடகர்களை ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் தங்க வைத்தார்கள். விருந்தாளிக்கு ஒரு வாய் அதிகம் வைத்தால் வீட்டுக்காரருக்கு ஒரு வாய் குறையும்.

வருகிறவர்கள் பாடு அதைவிட மோசம். பிரான்சில் அந்த நேரம் பார்த்து ரயில்வே வேலைநிறுத்தம். ஹங்கேரியத் தொழிலாளர் குழு ஒன்று புடாபெஸ்டிலிருந்து கிளம்பி, பாதி வழியில் ரயில் இல்லாமல் கிடைத்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறி வந்து சேர்ந்தது. ஹங்கேரி போரில் ஹிட்லர் பக்கம் இருந்த நாடு என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

லூபெக்

இரண்டு வருஷம் கழித்து ஜெர்மானியர்கள். ஹங்கேரி தூரத்து எதிரி. ஜெர்மனி தலைக்கு மேலே வந்து குண்டு போட்ட எதிரி. 1941 பிப்ரவரியில் தொடர்ந்து மூன்று இரவுகள் தெற்கு வேல்ஸின் ஸ்வான்சி நகர மையம் எரிந்தது. லங்கோத்லெனுக்கு அருகிலேயே அனுபவம் உண்டு: 1940இல் லிவர்பூலைத் தேடி வந்த விமானங்களின் குண்டுகளில் ருவாபன் மலைப் புதர்க்காடு பற்றிக்கொண்டது. எரிவதுதான் லிவர்பூல் என்று நினைத்துப் பின்னால் வந்தவர்கள் அந்த மலை மேலேயே குண்டைக் கொட்டினார்கள்.

லூபெக் கதையும் லேசானதில்லை. 1942 மார்ச் 28 இரவு, ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு விடியும் முன், பிரிட்டிஷ் விமானப்படை அந்தப் பழைய நகரத்தை எரித்தது. அங்கே உள்ள செயின்ட் மேரி தேவாலயம் இசைக்காரர்களுக்குப் புனிதத் தலம் மாதிரி. புக்ஸ்டெஹூட ஆர்கன் வாசித்த இடம். அவர் வாசிப்பதைக் கேட்க 1705இல் இருபது வயது பாக் 400 கிலோமீட்டர் நடந்தே வந்தார். அந்த இரவில் ஆர்கன் சாம்பலானது, கோபுரத்து மணிகள் தரையில் விழுந்து நொறுங்கின. விழுந்த இடத்திலேயே அவற்றை நினைவுச் சின்னமாக இன்றும் வைத்திருக்கிறார்கள்.

ஆக, குண்டு வாங்கியவர்களும் குண்டு வாங்கியவர்களும் எதிரெதிரே. 1949இல் ஒரு ஜெர்மானியர் நாட்டை விட்டு வெளியே போகவே, ஆக்கிரமித்திருந்த நேச நாடுகளின் அனுமதி வேண்டும். மேற்கு ஜெர்மனி என்ற நாடே அந்த வருஷம் மே மாதம்தான் பிறந்தது. அந்தச் சூழ்நிலையில் அந்தக் குழு மேடை ஏறியது.

அறிவிப்பாளர் ஹைவல் ராபர்ட்ஸ். அவர் வேலை என்ன? குழுவின் பெயர், நாடு, பாட்டு, அவ்வளவுதான். ஆனால் அவர் ஜெர்மனியிலிருந்து வந்திருக்கும் நம் ‘நண்பர்கள்’ என்று சொல்லி வரவேற்கச் சொன்னார். கூடாரமே கைதட்டலில் அதிர்ந்தது. விழாவின் வரலாற்றைச் சொல்பவர்கள் முதலில் சொல்லும் சம்பவம் இன்றுவரை இதுதான்.

பேக்கரிக்காரரின் மகன்

இன்னொரு முன்னாள் எதிரி நாட்டிலிருந்து 1955இல் ஓர் ஆண்கள் குழு வந்தது. இத்தாலியின் மோடெனா நகரத்துக் கொயர். அதில் ஒரு பேக்கரிக்காரர் டெனர் குரலில் பாடினார். பக்கத்தில் அவருடைய 19 வயது மகனும் பாடினான். முதல் பரிசு வாங்கினார்கள். பாடகனாகலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் வந்தது என்று அந்த மகன் பிற்பாடு பல முறை சொல்லியிருக்கிறார். பெயர் லூச்சியானோ பவரோட்டி. 1961இல் ஓபரா மேடை ஏறினார். 1995இல், உலகமே அறிந்த பிறகு, அதே லங்கோத்லெனுக்குத் திரும்பி வந்து பாடினார். அந்த விழாவில் சிறந்த குழுவுக்குத் தரும் கோப்பை இப்போது அவர் பெயரில்தான் இருக்கிறது.

அப்ப போட்டி நல்லதா?

எல்லாப் போட்டியும் இப்படி இல்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் விதிகள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அதை ஹிட்லர் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டான். விதி மட்டும் போதாது. லங்கோத்லெனில் கூடுதலாக மூன்று விஷயம் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று, வந்தவை ஊர்கள். லூபெக், மோடெனா. நாட்டைத் தோளில் சுமக்கும் தேசிய அணி யாரும் இல்லை. பகலில் வேறு வேலை பார்த்து, சாயங்காலம் பாடப் பழகியவர்கள். இரண்டு, கொயரில் தனிக்குரல் துருத்தக்கூடாது. பவரோட்டியே ஆனாலும் பக்கத்திலிருப்பவரைக் கேட்டுத்தான் பாட வேண்டும். நாயகனாகக் கொண்டாடவோ வில்லனாகத் திட்டவோ ஒரு முகத்தைத் தனியாகப் பிடிக்க முடியாது. மூன்று, போட்டி முடிந்து அவர்கள் போன இடம் ஹோட்டல் இல்லை, யாரோ ஒருவருடைய வீட்டுச் சமையலறை.

கச்சேரிக்கு அழைத்திருந்தால் ஜெர்மானியர்களுக்கு அது சலுகையாக இருந்திருக்கும். மன்னித்து இடம் கொடுத்தோம் என்ற பெருமை அழைத்தவருக்கும், வாங்கிக்கொண்டோம் என்ற கூச்சம் வந்தவருக்கும் மிஞ்சும். போட்டியில் அது கிடையாது. உனக்கும் இதே பாட்டு, இதே மேடை, இதே நடுவர். தப்பாகப் பாடினால் உனக்கும் மார்க் குறையும். ஒரு காலத்தில் லண்டனில் தங்களுக்குக் கிடைத்த மரியாதை எது என்று வேல்ஸ்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அதையே எடுத்து எதிரிக்கும் கொடுத்தார்கள். ‘நண்பர்கள்’ என்ற ஒரு சொல் மட்டும் விதிப்புத்தகத்தில் இல்லை. அதை ஒரு மனுஷன் தானாகச் சேர்த்துக்கொண்டார்.