மெட்ராஸுக்குப் பறந்து வந்த தபால்

1929 வாக்கில் லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் கொண்டுவந்த தபாலில் தெற்கே போக வேண்டியது கராச்சியில் இறங்கி ரயில் ஏறும். கடலும் பாலைவனமும் தாண்டிப் பறந்து வந்த கடிதம், அதன்பின் தண்டவாளத்தில் ஊர்ந்துதான் மெட்ராஸ் வந்து சேரும். இந்த இடைவெளி ஒருவர் கண்ணில் பட்டது.

அவர் நெவில் வின்சென்ட், பிரிட்டிஷ் விமானப்படையின் முன்னாள் விமானி. அவர் தேடிப் போனது ஜே.ஆர்.டி. டாடாவை. 1929-இல் இந்தியாவிலேயே முதல் விமானி உரிமம் பெற்ற இளைஞர் அவர். கராச்சியில் தபாலை வாங்கி அகமதாபாத், பம்பாய், பெல்லாரி வழியே மெட்ராஸ் சேர்ப்பது திட்டம். முதலீடு 2 லட்சம் ரூபாய். டாடா நிறுவனத் தலைவர் சர் தொராப்ஜி டாடா தயங்கினார். நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஜான் பீட்டர்சன் எடுத்துச் சொன்ன பிறகே தலையசைத்தார். இனி அரசாங்கம் சரி என்றால் போதும்!

அங்கேதான் மூன்று வருஷம் ஓடிப்போனது. மானியம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கடைசியில், மானியமே வேண்டாம், சுமக்கும் தபாலுக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூனில் தொராப்ஜி காலமானார். அவர் சம்மதித்த விமானம் இன்னும் தரையில்தான் நின்றது.

அக்டோபர் 15 காலை, கராச்சி. ஒற்றை எஞ்சின் பஸ் மாத் விமானத்தில் சுமார் 25 கிலோ தபாலோடு ஜே.ஆர்.டி. தனியாகக் கிளம்பினார். வானொலி இல்லை, வழிகாட்டக் கருவி இல்லை. அகமதாபாத்தில் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில், தகர டின்களில்! பிற்பகல் பம்பாயில் ஜூஹுவின் சேற்றுத் தரையில் இறங்கினார். மழைக்காலத்தில் கடல்நீர் ஏறி மூழ்கிவிடும் இடம் அது. அங்கே தபாலை வாங்கிக்கொண்டு வின்சென்ட் கிளம்பினார். விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 160 கி.மீ.; பெல்லாரி 600 கி.மீ.க்கு மேல். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

சேர்ந்தார். இரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள் மெட்ராஸில் இறங்கினார். துணிச்சலில் ஜே.ஆர்.டி.க்குக் கொஞ்சமும் குறையாதவர் வின்சென்ட். அவர் பெயரை இன்று நாம் மறந்தது நியாயமே இல்லை. ஆனால் வாராவாரம் சில மூட்டை தபாலைச் சுமந்து ஒரு கம்பெனி பிழைக்குமா?

பிழைத்தது. 1933-இல் மட்டும் அந்தச் சிறு விமானங்கள் 1,60,000 மைல் பறந்தன. சுமந்தது 10 டன்னுக்கு மேல் தபால். கூடவே 155 பயணிகள். 1946-இல் அந்தக் கம்பெனி பெயர் மாற்றிக்கொண்டது. புதுப் பெயர், ஏர் இந்தியா.

சென்னைக்கும் மும்பைக்கும் ஆகாய வழி ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். வின்சென்டுக்கு நடுவில் ஓர் இரவு தேவைப்பட்ட அந்தத் தூரத்துக்கு இப்போது சுமார் இரண்டு மணி நேரம். கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணத்தில் பஸ் ஏறி சென்னை போய்ச் சேர, இன்றும் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது.