இரணைமடு: ஒரு குளமும் இரண்டு ஊர்களும்

விடுதியில் எங்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: ‘குளத்தடிப் பிள்ளைகள்’. முரசுமோட்டை, வட்டக்கச்சி, உருத்திரபுரம், இராமநாதபுரம் என்று இரணைமடு வாய்க்கால்கள் ஓடும் ஊர்களிலிருந்து தகரப்பெட்டியோடு வந்திறங்கிய எங்களை யாழ்ப்பாணத்துத் தோழியர் அப்படித்தான் அழைத்தார்கள். முதல் வாரத்திலேயே கிணற்றடியில் ஒரு பாடம் கிடைக்கும். வாளி வாளியாக அள்ளி ஊற்றினால், “இதென்ன, இரணைமடுக் குளமெண்டு நினைச்சீரோ பிள்ளை?” என்று விடுதிப் பொறுப்பாசிரியையின் குரல் கேட்கும். தண்ணீரை எண்ணிச் செலவழிக்கும் ஊரொன்று இருக்கிறது என்பதை நாங்கள் அங்கேதான் அறிந்தோம்.

வரலாற்றுப் பாடத்தில் அமெரிக்காவின் கைத்தொழில் யுகம் வந்தது. எடிசனின் மின்விளக்கு, கார்னகியின் உருக்கு, ஃபோர்டின் மோட்டார் வண்டி எல்லாவற்றையும் ஆண்டுகளோடு மனப்பாடம் செய்தோம். எங்கள் வீட்டுப் படலையடியில் ஓடும் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று எவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி கேட்டபோது, அந்த விடுபட்ட பாடத்தையே எழுதலாம் என்று முடிவுசெய்தோம்.

இரணை என்றால் இரட்டை. மடு என்றால் ஆழமான நீர்நிலை. வவுனியாப் பக்கமிருந்து வடக்கு நோக்கி ஓடிவரும் கனகராயன் ஆற்றை மறித்து எழுந்தது இன்றைய குளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அதற்குத் திட்டம் வகுத்தவர் ஹென்றி பார்க்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். இலங்கையில் முப்பது ஆண்டுகள் அளவில் பணிபுரிந்த அவர் வெறும் அளவுகோல் பிடித்தவரல்லர். பழைய குளங்களின் துருசுகளை ஆராய்ந்து, அக்காலத்தவர் நீரின் வேகத்தை அடக்கிய நுட்பத்தைக் கண்டு வியந்தவர். ‘பண்டைய இலங்கை’ பற்றி அவர் எழுதிய நூல் 1909இல் வெளிவந்தது. நாட்டார் கதைகளையும் திரட்டினார்.

அணை வேலை 1902இல் தொடங்கியது. 1905இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ரயில் பாதை முழுமை பெற்றது. காட்டுக்குள் ரயில் ஓடத் தொடங்கிய பின்னரும் குளத்து வேலை நீண்டு, 1920களின் தொடக்கத்தில்தான் ஓய்ந்தது. எமது சங்கத்துக்கும் குளத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பது எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. பார்க்கரின் பெயர் நூல்களில் இருக்கிறது. காட்டுக் காய்ச்சலுக்கு நடுவே மண் வெட்டியவர்களையும் சுமந்தவர்களையும் பெயர் சொல்லி நினைக்க நமக்கு வழியில்லை. கனகாம்பிகை அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் அணைக்கட்டில் ஒரு கணம் நின்றால், அந்தப் பெயரில்லாதவர்களின் வேலை மேல்தான் நிற்கிறார்கள்.

குளம் வந்த பின்னர் ஊர்கள் வந்தன. குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்க 1930களின் நடுப்பகுதியில் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. சுதந்திரத்தின் பின் அணைக்கட்டு உயர்த்தப்பட்டு, வாய்க்கால்கள் நீண்டு, குடியேற்றங்களும் பெருகின. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்தவர்களும் இம்மண்ணில் வேரூன்றினார்கள். எங்களில் பலரின் பாட்டனார்கள் குடாநாட்டின் தோட்டக்காணியை விட்டு வந்தவர்களே. ஆகவே ‘குளத்தடி’ என்றும் ‘யாழ்ப்பாணம்’ என்றும் பிரித்துப் பேசுவது ஒரே வீட்டின் இரண்டு அறைகளைப் பிரித்துப் பேசுவது போலத்தான்.

ஆனால் அந்த இரண்டு அறைகளுக்கும் இடையே ஒரு வழக்கு வந்தது. குடாநாட்டுக்குப் பேராறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். அதில் உப்பும் உரமும் கலந்தன. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தை எவரும் மறந்திருக்க மாட்டோம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் 2010இல் அங்கீகாரம் பெற்ற திட்டம், இரணைமடு நீரைக் குழாய் வழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்ல எண்ணியது. விவசாயிகள் மறுத்தார்கள். சிறுபோகத்துக்கு எல்லா வயல்களுக்கும் தண்ணீர் போதாமல் ஆண்டுதோறும் பங்கு பிரிக்கும் கூட்டங்களில் இருந்தவர்களுக்கு, அந்த மறுப்பின் காரணம் விளங்கும். கோடையில் உவர்க்கிணற்றில் குடம் நிரப்பியவர்களுக்கு, கேட்டவர்களின் தாகமும் விளங்கும். எங்கள் பழைய மாணவியர் ஒன்றுகூடல்களிலேயே இது பற்றிக் குரல் உயர்ந்ததுண்டு.

இந்த இடத்தில்தான் அந்த அமெரிக்கப் பாடம் எங்களுக்கு மறுபடி தேவைப்பட்டது. புத்தகத்தில் இல்லாத ஒருவர் வில்லியம் முல்ஹோலண்ட். அயர்லாந்தில் பிறந்து, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாய்க்கால் பராமரிக்கும் தொழிலாளியாக 1878இல் வேலைக்குச் சேர்ந்து, தானே படித்துத் தலைமைப் பொறியியலாளரானவர். ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரை 233 மைல் தூரம் நகருக்குக் கொண்டுவரும் கால்வாயை 1913இல் அவர் திறந்துவைத்தார். நகரம் வளர்ந்தது, பள்ளத்தாக்கின் ஏரி வற்றியது. கோபம் கொண்ட பள்ளத்தாக்கு மக்கள் 1924இல் கால்வாயை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1928 மார்ச் 12ஆம் திகதி நள்ளிரவை அண்டி, அவர் கட்டிய சென்ற் பிரான்சிஸ் அணை உடைந்து நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். முல்ஹோலண்ட் பழியைப் பிறர்மேல் போடாமல் தானே ஏற்றுக்கொண்டு பதவி விலகினார். குழாயின் ஒரு முனையை மட்டும் பார்த்த நகரமொன்றின் கதை இது. 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி வழிந்து, வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சிச் சனம் வெள்ளத்தில் தவித்த நாட்களில் இக்கதை எங்கள் நினைவுக்கு வந்தது. பெரிய அணைக்குக் கீழே வாழ்கிறவர்களுக்குப் பொறியியல் என்பது பாடப்புத்தகச் சொல் அல்ல.

இன்னொருவர் எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ். மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி 1870இல் சேர்த்துக்கொண்ட முதற் பெண். அவரிடம் கட்டணம் வாங்காமல் விட்டது சலுகையல்ல. யாராவது கேட்டால் “அவர் எமது மாணவி அல்லர்” என்று சொல்லத்தான். 1873இல் பட்டம் பெற்றார். 1880களின் இறுதியில் மாநிலமெங்கும் ஆறு, கிணறு, குளங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான நீர் மாதிரிகளைத் தம் ஆய்வுகூடத்தில் சோதித்தார். கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் எவ்வளவு உப்பு இயல்பாக இருக்கலாம் என்று வரைபடமிட்டு, அதற்கு மேல் இருந்தால் கழிவு கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியைக் காட்டினார். மனையியலை ஒரு படிப்பாக நிலைநாட்டியவர்களில் முதன்மையானவரும் இவரே. நாங்கள் ‘கறிக்கு உப்புப் போடுகிற பாடம்’ என்று சிரித்த மனையியலின் வேரில் தண்ணீரைச் சோதித்த ஒரு இரசாயனவியலாளர் இருந்தார் என்பது அன்று தெரிந்திருந்தால், அந்த வகுப்பில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம்.

முல்ஹோலண்ட் தண்ணீரைக் கொண்டுவந்தார். ரிச்சர்ட்ஸ் இருக்கும் தண்ணீரைக் காத்தார். எமது வழக்குக்கு இரண்டாமவரின் வழியே அதிகம் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். திட்டம் மாறியது. இரணைமடுவின் அணைக்கட்டு உயர்த்தப்பட்டுக் குளம் புனரமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கென வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. வயலுக்குரியது வயலுக்கே போகிறது. ஆனாலும் கிணறுகளைக் காக்கும் வேலை முடிந்துவிடவில்லை. கடல்நீரைக் குடிநீராக்கச் செலவும் மின்சாரமும் வேண்டும். பெய்யும் மழையைச் சேர்க்க ஒரு தொட்டியும் கொஞ்சம் அக்கறையும் போதும்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறோம். 1995இன் இடப்பெயர்வின் பின் கிளாலிக் கடலைக் கடந்து எங்கள் ஊர்களுக்கு வந்தவர்களில் எமது ஆசிரியைகளும் தோழியரும் இருந்தார்கள். வாய்க்கால் ஓரத்திலும் மரநிழலிலும் கிடந்த அவர்களுக்கு எங்கள் அம்மாமார் குடத்தைத் தூக்கிக் கொடுத்தபோது எந்த ஊர் என்று கேட்கவில்லை. விடுதிக் கிணற்றில் நாங்கள் அள்ளியபோதும் எவரும் எங்களைத் தடுக்கவில்லை. வீணாக்காதே என்றுதான் சொன்னார்கள். கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் காணும் தோழியரே, அடுத்த விடுமுறைக்கு ஊர் வரும்போது இரணைமடு அணைக்கட்டுக்கு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். அதன்பின் பாடசாலைக் கிணற்றடிக்கும் ஒருமுறை போங்கள். அந்தக் கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை சோதிப்பதையும், கூரை மழைநீரைச் சேர்க்கும் தொட்டி ஒன்றையும் எமது சங்கத்தின் நூற்றாண்டுப் பணியாக ஏற்கலாம் என்று குளத்தடிப் பிள்ளைகள் முன்மொழிகிறோம். யாழ்ப்பாணத்துத் தோழியர் வழிமொழிவார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.