முத்திரைக்கு வந்த விலை

தச்சுக் கருவிகளுள் இழைப்புளி தனித்த இயல்புடையது. வாளும் உளியும் பிடித்த கையின் போக்கிலேயே செல்பவை. கை தவறினால் வாள் கோணும். உளி ஆழ இறங்கும். இழைப்புளியிலோ அலகு சாய்ந்து நிற்கும் கோணம், சீவல் வெளியேறும் வாயின் அகலம், அடித்தளத்தின் வடிவம் ஆகிய யாவும் கருவியைச் செய்தவராலேயே முன்னதாக வகுக்கப்பட்டுவிடுகின்றன. தச்சர் அலகைத் தீட்டி, ஆப்பைத் தட்டி இறுக்கி, அந்த வகுப்பிற்குள் நின்று தம் வேலையைச் செய்கிறார். எனவே ஒவ்வோர் இழைப்புளியிலும் இரண்டு தொழிலாளர் குடியிருக்கின்றனர்: அதைச் செய்தவர் ஒருவர், அதை ஆண்டவர் மற்றொருவர். மேலை நாடுகளில் கடந்த அரை நூற்றாண்டாக வளர்ந்துள்ள பழங்கருவிச் சந்தை இவ்விருவருள் முன்னவருக்கே விலை கொடுக்கிறது. அந்த விலை எவ்வாறு அமைந்தது, அது எதை மீட்டது, எதை மறைத்தது என்பது தச்சர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

இழைப்புளியின் தொன்மைக்குச் சான்று தேட வேண்டியதில்லை. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரின் அகழாய்வில் அது கிடைத்துள்ளது. 1545-இல் மூழ்கி, 1982-இல் கடலடியிலிருந்து உயர்த்தப்பட்ட 'மேரி ரோஸ்' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலின் தச்சரும் தம் இழைப்புளிகளை விட்டுச் சென்றிருக்கிறார். ஆயினும் இவை அருங்காட்சியகப் பொருள்கள். ஏலத்திற்கு வருபவை அல்ல. சந்தையின் கதை, இழைப்புளி செய்வதே தனித் தொழிலாகப் பிரிந்த காலத்தில் தொடங்குகிறது. கி.பி. 1700-ஐ ஒட்டி இலண்டன் மாநகரில் தாமஸ் கிரான்ஃபோர்டு, அவரிடம் தொழில் பயின்ற ராபர்ட் வூடிங் ஆகியோர் பிறருக்கு விற்பதற்கென்றே இழைப்புளி செய்தனர். செய்த கட்டையின் முன்முகத்தில் தம் பெயரை எஃகு அச்சினால் அறைந்து பதித்தனர். அன்று அது விளம்பரமும் உத்தரவாதமும் ஆகும். இன்று அதுவே விலை.

வாங்கிய தச்சர்களும் தம் பெயரைப் பதித்தனர். பலர் கூடி உழைக்கும் பட்டறையில் கருவி கைமாறிப் போகாமலிருக்க அது வேண்டியிருந்தது. தந்தை இறந்தால் மகனும், முதியவர் ஓய்ந்தால் இளையவரும் அதே கட்டையில் தம் பெயரைச் சேர்த்தனர். ஒரே முகத்தில் மூன்று நான்கு பெயர்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும் கட்டைகள் உண்டு. அவற்றுள் செய்தவர் யார், ஆண்டவர் யார் என்று பிரித்தறிவது ஒரு கலை. ரம்பப்பல் போன்ற விளிம்புக்குள் அமைந்த பெயர் பெரும்பாலும் செய்தவருடையது. விளிம்பில்லாத வெற்றெழுத்து பெரும்பாலும் உரிமையாளருடையது. 1968-இல் டபிள்யூ. எல். குட்மன் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர், 1700 முதலான பிரிட்டானிய இழைப்புளி செய்வோரின் பெயர்களையும் முத்திரைகளையும் தொகுத்து நூலாக்கினார். ஒரு கைத்தொழிலாளர் கூட்டத்திற்கு எழுதப்பட்ட பெயரகராதி அது. அந்நூல் வந்தபின், பழைய விறகுக் கட்டை என்று ஒதுக்கப்பட்டவை ஊரும் பேரும் காலமும் பெற்றன. அறிஞர் ஒருவரின் உழைப்பு சந்தையின் அளவுகோலாக மாறுவது புதிதன்று. இங்கு அது சற்று விரைவாகவே நிகழ்ந்தது.

அமெரிக்காவில் பழந்தொழிற் கருவிகளில் ஆர்வமுடையோர் 1933-இலேயே ஒரு சங்கம் கண்டனர். 1968-இல் நடுமேற்கு மாநிலங்களின் கருவிச் சேகரிப்பாளர் சங்கம் தோன்றியது. ஆயினும் அந்நாட்டுச் சேகரிப்பாளரைப் பெரிதும் ஆட்கொண்டது மர இழைப்புளி அன்று, வார்ப்பிரும்பால் ஆகியது. பாஸ்டன் நகரின் லெனார்டு பெய்லி, திருகின் வாயிலாக அலகை ஏற்றி இறக்கும் அமைப்பை வகுத்துக் காப்புரிமைகள் பெற்றார். 1869-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டான்லி நிறுவனம் அவற்றை விலைக்கு வாங்கியது. அதன்பின் எட்டு அளவுகளில், ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்டு, ஸ்டான்லி இழைப்புளிகள் உலகெங்கும் பரவின.

இந்த எட்டனுள் விலைப்பட்டியலின் விநோதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நான்காம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் தச்சரின் இரு கைகள் போன்றவை. அவை இல்லாத பட்டறை இல்லை. அவற்றுக்கு இணைய ஏலத்தில் கிடைப்பது பெரும்பாலும் சில பத்து டாலர்களே. முதலாம் எண்ணோ ஐந்தரை அங்குல நீளமே உடையது. வளர்ந்த ஆடவரின் கை அதன் பிடியில் சரியாக அமராது. 1869 முதல் 1940களின் தொடக்கம் வரை அது நிறுவனத்தின் விலைப்பட்டியலில் இடம்பெற்றே வந்தது. ஆதலால் அது விற்பனை முகவர்கள் காட்டுவதற்காகச் செய்த மாதிரிப் பொம்மை என்னும் கதை பொருந்தாது. பட்டியலில் இருந்தும் வாங்குவோர் குறைவு. குறைவாக வாங்கியதால் குறைவாகவே எஞ்சியது. நல்ல நிலையில் உள்ள முதலாம் எண் இன்று ஆயிரம் டாலரை எட்டுகிறது. உழைத்த கருவிக்குக் கூலி இல்லை. உழைக்காத கருவிக்கே மரியாதை! போலிகளும் அதற்கே மிகுதி.

இங்கிலாந்தின் நாரிஸ், ஸ்காட்லாந்தின் ஸ்பையர்ஸ் ஆகியோர் எஃகுப் பேழைக்குள் ஈட்டி மரம் பொதிந்து செய்த இழைப்புளிகள் மட்டும் இவ்விதிக்கு ஓரளவு விலக்கு. அவை வேலைக்கும் உகந்தவை; விலையும் உடையவை.

1995-இல் பியர் ஒமிட்யார் தொடங்கி, 1997 முதல் 'ஈபே' என்று பெயர் பெற்ற இணைய ஏலம் இச்சந்தையைத் தலைகீழாக்கியது. அதற்கு முன்னர்ப் பழங்கருவி தேடுபவர் விடியற்காலைச் சந்தைகளில் அலைய வேண்டும். வணிகர் அஞ்சலில் அனுப்பும் அச்சிட்ட பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டும். ஆண்டிற்கு ஓரிரு முறை நிகழும் கருவி ஏலத்திற்குப் பயணப்பட வேண்டும். ஓர் ஊரில் அரிதாயிருந்தது மற்றோர் ஊரில் மலிந்துகிடந்ததை எவரும் அறியார். பரண்களிலும் நிலவறைகளிலும் இருந்தவை ஒரே காட்சிக்கூடத்திற்கு வந்தபோது, 'அரியது' என்று நம்பப்பட்டவற்றுள் பல அரியவை அல்ல என்று தெரியவந்தது. இடைத்தரப் பொருள்களின் விலை சரிந்தது. மெய்யாகவே அரியவை மட்டும் நிலைத்தன.

இவ்வேலத்தின் இயக்கமும் கருதத்தக்கது. கேட்பவர் தம் உச்ச வரம்பை முன்கூட்டியே குறித்துவைக்கலாம். ஆனால் முடிவில் விழும் விலை, அந்த வரம்பு அன்று. அடுத்த நிலையில் நின்றவரின் கேட்புத்தொகையைச் சிறிது கடந்த தொகையே. ஆகவே 'இந்த இழைப்புளி இவ்வளவு பெறும்' என்னும் செய்தி, வென்றவரின் மதிப்பீட்டைச் சொல்வதில்லை. தோற்றவரின் மதிப்பீட்டையே சொல்கிறது. ஒரே கிழமையில் இருவர் ஒரே பொருளை விரும்பினால் விலை ஏறும். ஒருவரே விரும்பினால் தொடக்க விலையோடு நிற்கும். விற்பவர் கோரும் விலையைக் கண்டு தம் வீட்டுக் கட்டைக்கும் அதுவே மதிப்பு என்று கருதுவோர் ஏமாறுவது இதனாலேயே. விற்று முடிந்த விலையே விலை.

இன்னொரு பிழை, தூய்மை செய்தல். விற்பதற்கு முன்னர்க் கம்பித் தூரிகையால் தேய்த்து, புது மெருகு பூசி, பளபளக்கச் செய்தால் விலை உயரும் என்று குடும்பத்தினர் எண்ணுகின்றனர். நூறாண்டுக் கைவியர்வையும் எண்ணெயும் ஏற்றிய கருமை அவ்வாறு ஒரு பிற்பகலில் அழிகிறது. சேகரிப்பாளர் விலகிச் செல்கிறார்.

ஏலச் சந்தையின் உச்சியில் நிற்பவை, பலகையின் ஓரத்தில் காடி எடுக்கும் இழைப்புளிகள். கருங்காலி, ஈட்டி, பாக்ஸ் மரம் ஆகியவற்றால் கட்டையும், யானைத் தந்தத்தால் திருகுத் தண்டின் முனைகளும் அமைத்து, பணிக்கென்பதைவிடப் பெருமைக்கென்றே சில செய்யப்பட்டன. ஒஹையோ மாநிலத்தின் சாண்டஸ்கி நிறுவனம், நடுவே ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் இரு தண்டுகளும் ஒருசேர நகரும் வகையில் இதனைச் செய்தது. தந்தம் பதித்த அத்தகைய ஒன்று 2004-இல் நடந்த கருவி ஏலத்தில் ஒரு லட்சம் டாலரைக் கடந்தது. அது இணைய ஏலம் அன்று. நேரில் கூடி நடத்தியது. 2009 முதல் ஈபே தந்த விற்பனையைத் தடை செய்துள்ளது. 2016-இல் அமெரிக்க அரசு தந்த வணிகத்தை ஏறத்தாழ முற்றிலும் தடுத்தது. பிரிட்டனில் 2018-இல் இயற்றிய தந்தச் சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. தண்டின் முனையிலிருக்கும் ஒரு விரற்கடைத் தந்தம் முன்னர் விலையை உயர்த்தியது. இப்போது விற்பனைக்கே இடையூறாகிறது. யானையின் பக்கம் நின்று பார்ப்பவர் இதற்காக வருந்தமாட்டார்.

இவ்வளவு ஆடம்பரத்திற்கும் அப்பால், கருவி வரலாற்றறிஞர் மிகுந்த மதிப்போடு கையிலெடுப்பது அழகற்ற ஒரு மரக்கட்டையை. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ரெந்தம் என்னும் சிற்றூரில் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் வாழ்ந்த பிரான்சிஸ் நிக்கல்சன், அமெரிக்காவில் பெயர் தெரிந்த இழைப்புளி செய்வோருள் மிகத் தொடக்கத்தவர். கதவு, சுவர்ப்பலகை, கூரை விளிம்பு ஆகியவற்றிற்கு வளைவும் வரையும் எடுக்கும் இழைப்புளிகளை மஞ்சள் பிர்ச் மரத்தில் செய்தார். அவற்றில் 'எஃப். நிக்கல்சன், ரெந்தமில் வாழ்பவர்' என்று மூன்று வரிகளில் பதித்தார். அவர் மகன் ஜானும் அத்தொழிலையே மேற்கொண்டார். அந்தப் பட்டறையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவர் பெயர் சீசர் செலோர். கறுப்பினத்தவர், நிக்கல்சனின் அடிமை.

நிக்கல்சன் 1753-இல் இறந்தார். அவர் எழுதிவைத்த உயில் செலோரை விடுவித்தது. கட்டில், படுக்கை, உடைகள், பெட்டி, பத்து ஏக்கர் நிலம் ஆகியவற்றோடு, அவர் புழங்கிய கருவிகளையும் வேலைப்பலகையையும் மரத்தையும் அவருக்கே அளித்தது. மற்றொருவரின் உடைமையாக இருந்தவர் உடைமையாளர் ஆனார். அதன்பின் முப்பதாண்டுகள், 1784-இல் தாம் இறக்கும்வரை, அதே ஊரில் இழைப்புளி செய்து விற்றார். தமக்கென ஓர் அச்சும் வெட்டுவித்துக்கொண்டார். அதன் வாசகம் முன்னாள் எசமானரின் வாசகத்தைப் பின்பற்றியதே: 'சீ. செலோர், ரெந்தமில் வாழ்பவர்.' நிக்கல்சனின் கட்டையில் அத்தொடர் வெறும் முகவரி. விற்கப்படவும் கொண்டுசெல்லப்படவும் கூடியவராய் இருந்த ஒருவர் தம் பெயருக்குக் கீழே 'வாழ்பவர்' என்று பதித்தபோது, அச்சொல் முகவரிக்கு மேலும் ஒன்றாகிறது. அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1783-இல், மாசசூசெட்ஸ் நீதிமன்றத் தீர்ப்பொன்று அங்கு அடிமை முறையின் அடித்தளத்தைத் தகர்த்திருந்தது.

செலோரின் இழைப்புளிகள் இன்று வாஷிங்டனில் 2016-இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளன. ஏலத்திற்கு வருபவை ஆயிரக்கணக்கான டாலர் பெறுகின்றன. அதே வடிவிலான பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டை இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கும் சந்தையில் இது பெருந்தொகை. சந்தையைப் பழிப்பது எளிது. ஆனால் இந்தப் பெயரைக் காத்ததில் அதற்கும் பங்குண்டு. முத்திரையைத் துருவித் துருவிப் படித்த சேகரிப்பாளர்களே, 'செலோர்' என்பவர் யார் என்று உயில்களையும் ஊர்ப் பதிவேடுகளையும் புரட்டினர். கட்டையில் எழுத்தில்லாதிருந்தால் அத்தேடல் தொடங்கியிராது.

ஆயினும் முத்திரையை மட்டும் நம்பும் சந்தைக்கு ஓர் எல்லை உண்டு. உயிலில் செலோருக்குக் கருவியும் வேலைப்பலகையும் மரமும் தனியே ஒதுக்கப்பட்டதிலிருந்து, 1753-க்கு முன்னரே அவர் தேர்ந்த கைவினைஞராக அப்பட்டறையில் உழைத்தார் என்பது தெளிவு. அந்நாள்களில் அவர் செய்தவற்றில் அவர் பெயரைப் பதிக்க வழியில்லை. ஒரே மரம், ஒரே அளவு, விளிம்புகளில் ஒரே வகையான தட்டைச் செதுக்கு, ஆப்பின் தலையில் ஒரே வட்டம். அறிஞர் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அலகு நுழையும் துளையின் வெட்டையும் செதுக்கின் முடிவையும் ஒப்பிடுகின்றனர். இணையத்தில் விற்பவரோ முன்முகத்து எழுத்தைப் புகைப்படம் எடுத்து இடுகிறார். கேட்பவர் அப்படத்தைப் பெரிதாக்கி, எழுத்து உண்மையானதா, பின்னாளில் எவரேனும் அறைந்ததா என்று நோக்குகிறார். முத்திரை நிக்கல்சனுடையதாயின், அக்கட்டை எவர் கையில் உருவாகியிருந்தாலும், நிக்கல்சன் என்றே பட்டியலில் ஏறுகிறது. நிக்கல்சன் என்றே விலை போகிறது.