சோழவரத்து நேர்கோடு

சாலைக் கணக்கு – 17

பாரிஸுக்கு அருகே அஷேர் என்றொரு ஊர். 1898 டிசம்பர் 18 அன்று அங்கிருந்த நேரான சாலை ஒன்றில் சில கார்கள் வரிசை கட்டி நின்றன. அவற்றை வரவழைத்தது அரசாங்கம் இல்லை, கார் கம்பெனியும் இல்லை. ‘லா பிரான்ஸ் ஆட்டோமொபில்’ என்ற பத்திரிகை. ஒரு கிலோமீட்டரை யார் வண்டி சீக்கிரம் கடக்கிறது, பார்த்துவிடலாம் என்று கூப்பிட்டிருந்தது. ஷஸ்லூ-லோபா என்ற பிரபு 57 விநாடியில் கடந்தார். மணிக்கு 63.15 கிலோமீட்டர். தரைவழி வேகச் சாதனைகளின் பட்டியலில் இன்றும் முதல் வரியாக நிற்பது இந்த ஓட்டம்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அவர் ஓட்டியது பேட்டரி கார். மின்சாரக் கார் இப்போதுதான் வந்ததாக நினைப்பவர்கள் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்த சில மாதங்களுக்குப் பிரபுவுக்கும் பெல்ஜியத்துக்காரர் கமீல் ஜெனாட்ஸிக்கும் அதே சாலையில் மாறி மாறிப் போட்டி. 1899 ஏப்ரல் 29 அன்று ஜெனாட்ஸி குண்டு வடிவில் செய்த தன் மின்சார வண்டியில் கிலோமீட்டரை 34 விநாடியில் கடந்தார். 105.88 கிலோமீட்டர் வேகம். காரில் போன மனிதன் நூறைத் தாண்டியது அன்றுதான். அதற்கு முன்பே ரயில்கள் நூறைத் தாண்டியிருந்தன. ஆனால் கார் உலகத்தில் ஒருவர் ஓட்ட, ஒருவர் அளக்க, ஒருவர் அச்சிட என்ற மூவர் கூட்டணி அஷேரில்தான் முதலில் கூடியது. இந்த மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் வேகம் வெறும் பேச்சாகப் போய்விடும். இந்த வாரக் கதை அந்த மூன்றாவது ஆளைப் பற்றியது.

அளப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். வையம்பட்டியிலிருந்து மணப்பாறைக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோர சீட் கிடைத்தால் யாரும் செய்யலாம். ஒரு கிலோமீட்டர் கல் கண்ணில் பட்டதும் கடிகாரத்தைப் பாருங்கள், அடுத்த கல்லில் மறுபடி பாருங்கள். 3600-ஐ விநாடிகளால் வகுத்தால் வேகம். 60 விநாடி என்றால் அறுபது, 45 என்றால் எண்பது. நான்குவழிச் சாலை வருவதற்கு முன்பு இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பையன்களுக்கு வகுத்தல் கணக்கு பழகியதே இப்படித்தான். எந்த டிரைவர் எத்தனை விநாடி என்று மறுநாள் வகுப்பில் சண்டையும் நடக்கும்.

பையன்கள் கணக்கில் ஒரு பிசகு உண்டு. கட்டைவிரல் கொஞ்சம் முந்தும் அல்லது பிந்தும். ஐந்தில் ஒரு பங்கு விநாடி தவறினால் பிரபுவின் 63 கிலோமீட்டரில் கால் கிலோமீட்டர்கூட மாறாது. அதே தவறு 240 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கூடிவிடும், குறைந்துவிடும். வேகம் ஏற ஏற மனித விரலை நம்ப முடியாது. சாலையின் குறுக்கே கம்பியும், பிறகு ஒளிக்கற்றையும் வந்தது இதனால்தான். காற்று ஒரு பக்கமாக அடித்தால் வண்டிக்கு இலவசமாக வேகம் கிடைத்துவிடும் என்பதால், போன வழியே திரும்பியும் ஓட்டி, இரண்டின் சராசரியைத்தான் உலகச் சாதனையாக எடுப்பது என்ற விதியும் வந்தது. இரண்டு ஓட்டமும் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

ஓட்டுவதற்கு இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. பொதுச் சாலையில் பந்தயம் நடத்தினால் என்ன ஆகும் என்பதை 1903-இல் பாரிஸ்–மாட்ரிட் பந்தயம் காட்டிவிட்டது. மார்செல் ரெனோ உட்படப் பலர் செத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதில் அடக்கம். போர்தோ நகரத்தோடு பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு வேகப்பிரியர்கள் ஆளில்லாத, மேடுபள்ளமில்லாத வெளிகளைத் தேட ஆரம்பித்தார்கள். கடற்கரை மணல், வற்றிய ஏரி, உப்புப் படுகை. பிறகு உலகப்போர் தானாகவே ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனது: விமானமில்லாத ஓடுபாதை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும் போர்க்கால விமானத் தளங்களாக இருந்து 1948-இல் பந்தயத் தளங்களானவை.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிகளில் வாலிபர்கள் பழைய ஃபோர்டுகளை உரித்து, கூரை, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1937-இல் அவர்களுடைய சங்கங்கள் ஒன்றுகூடிக் கூட்டமைப்பு ஆயின. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், வார இறுதியில் ஓட்டுகிறவர்கள். ஊர்க்காரர்களுக்கு அவர்கள் ரவுடிகள். 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் ‘ஹாட் ராட்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். யார் எந்த எஞ்சினில் என்ன செய்தார், என்ன வேகம் போனார் என்பதெல்லாம் அதில் அட்டவணையாக வந்தது. கூட்டமைப்பின் செயலாளராக இருந்த வாலி பார்க்ஸ் அதன் ஆசிரியரானார். இவர்கள் போய்ப் பேசித்தான் யூட்டா மாநிலத்தின் போன்வில் உப்புப் படுகை அமெச்சூர்களுக்குக் கிடைத்தது. 1949-இல் அங்கே முதல் வேக வாரம் நடந்தது. இப்போதும் ஒவ்வோர் ஆகஸ்டிலும், உப்பு காய்ந்திருந்தால், நடக்கிறது.

அந்த உப்புவெளியில் அமெச்சூர் என்றால் என்ன என்பதற்கு இரண்டு பேரைச் சொன்னால் போதும். 1948 செப்டம்பர் 13 அன்று ரோலி ஃப்ரீ என்பவர், தோலாடை காற்றில் கிழிந்து இழுக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, நீச்சல் கால்சட்டையோடு வின்சென்ட் பைக்கின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு 150.313 மைல் வேகம் போனார். அந்தப் படம் இன்றும் பைக் பட்டறைச் சுவர்களில் தொங்குகிறது. இன்னொருவர் நியூஸிலாந்தின் இன்வர்கார்கில் நகரத்து பர்ட் மன்ரோ. 1920-இல் வாங்கிய இண்டியன் ஸ்கவுட் பைக்குக்குத் தன் கொட்டகையிலேயே பிஸ்டனை உருக்கி வார்த்துக்கொண்டு, 1967-இல், தன் 68-ஆவது வயதில், 183 மைலைத் தாண்டி ஆயிரம் சிசிக்குட்பட்ட பிரிவில் சாதனை படைத்தார்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் தமிழ்நாட்டிலும் ஓடுபாதைகளை விட்டுவிட்டுப் போயிருந்தது. திருச்சியிலிருந்து சென்னை போகும் வழியில் உளுந்தூர்பேட்டையில் ஒன்று. காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டில் ஒன்று. தெற்கே கயத்தாற்றில் ஒன்று. பெரும்பாலும் ஆடு மேய்ந்தது, நெல் காய்ந்தது. சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டிக் கல்கத்தா சாலையில் இருந்த சோழவரத்துக்கு மட்டும் வேறு யோகம். 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கிக்கொண்டது. கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக். அவர் மகன் விக்கியும் சோழவரத்தில் ஓட்டினார். பேரன் கருண் ஃபார்முலா ஒன் வரை போனார்.

ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் கிடந்தன ஓடுபாதைகள். விமானம் ஏறி இறங்கப் போட்ட நேர்கோடுகள் என்பதால் வண்டியை முழுக்க முறுக்கிவிடலாம். கோட்டின் முடிவில் வளைவு பொல்லாதது, அங்கே பிரேக் பிடிக்கத் தெரிந்தவனே மிச்சம். போர்க்காலத்து சிமென்ட் தளம் டயரைத் தின்னும். வேலி என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லாத இடத்தில் ஜனம் திரண்டு நின்று பார்த்தது. கோண்டல் சமஸ்தானத்து மகாராஜா அயல்நாட்டு வண்டியோடு வந்தார். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். ஆனால் சோழவரத்தின் உயிர் அவர்களிடம் இல்லை என்பது என் கட்சி. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பம்பாய் ஃபியட், யெஸ்டி, என்ஃபீல்டு – காலையில் ஆபீஸுக்குப் போன வண்டியை ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு ஓட்டிவந்தவர்களிடம்தான் அது இருந்தது.

வெளிநாட்டு உதிரிபாகம் இறக்குமதி செய்ய முடியாத காலம். எனவே வேகம் லேத் பட்டறையில் பிறந்தது. பைக்கின் ஹெட்டை லேத்தில் கட்டி மயிரிழை அளவு சீவுவார்கள். எரியறை சுருங்கும், அழுத்தம் ஏறும், சக்தி கூடும். ஒரு மயிரிழை அதிகம் சீவிவிட்டால் அந்தக் கால பெட்ரோலுக்கு அது தாங்காது. எஞ்சின் கடகடவென்று தட்டும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். போர்ட்டை உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்ப்பார்கள், ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைப்பார்கள், ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைப்பார்கள். எல்லாம் கைப்பக்குவம். எத்தனை சீவினார் என்று மேஸ்திரி யாரிடமும் சொல்ல மாட்டார்.

யாரும் கேட்கவும் இல்லை என்பதுதான் என் குறை. ஆசிரியர் பார்க்ஸுக்குக் கலிபோர்னியாவில் ஒரு ‘ஹாட் ராட்’ இருந்தது. இங்கிலாந்தில் 1895-இலேயே ‘ஆட்டோகார்’ வந்துவிட்டது. சோழவரம் உச்சத்தில் இருந்த அறுபது, எழுபதுகளில் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் முதல் மூன்று பெயர்களும் ஒரு படமும் வரும், அவ்வளவே. கார்புரேட்டர் எத்தனை, பல்சக்கர விகிதம் என்ன, நேர்கோட்டின் முடிவில் வேகம் என்ன என்பதைக் குறித்துவைக்க ஆள் இல்லை. பழைய ஓட்டுநர்களிடம் கேட்டால் ஒரே வண்டிக்கு ஆளுக்கொரு வேகம் சொல்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் பார்த்தது ஸ்பீடோமீட்டர் முள்ளை. அந்த முள் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது சர்வதேச விதி. நண்பர் ஒருவர் நூற்றிருபதில் வந்ததாகச் சொன்னால் நூற்றுப்பத்து என்று எடுத்துக்கொள்வது நலம்.

எண்பதுகளில் காற்று மாறியது. 1982-இல் டிவிஎஸ் தன் பந்தயப் பிரிவைத் தொடங்கியது. 1983-இல் ராஜ்தூத் 350, அடுத்து ஆர்எக்ஸ் 100 என்று சீறும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. கோவை ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்து, சாதாரணர்களும் எட்டிப் பிடிக்கும் விலைக்குப் பந்தயத்தை இறக்கினார். பம்பாய், புனே பக்கம் ஆங்கிலக் கார் இதழ்களும் தலைகாட்டின. எழுதுகிறவர்கள் ஒருவழியாக வந்து சேர்ந்த சமயத்தில் சோழவரத்தின் கதை முடிந்துகொண்டிருந்தது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தன் சொந்தத் தளத்தைத் திறந்தது. 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். பத்திரமான இடம், சந்தேகமில்லை. பின்னாளில் நடிகர் அஜித் பந்தயம் பழகியதும் அங்கேதான்.

1998-இல் ‘ஓவர்டிரைவ்’, 1999-இல் ‘ஆட்டோகார் இந்தியா’, பிறகு தமிழிலேயே ‘மோட்டார் விகடன்’. இவை செய்த நல்ல காரியம் முள்ளை நம்பாமல் இருந்ததுதான். வெளிநாட்டு இதழ்கள் காரின் பின்னால் சைக்கிள் சக்கரம் போன்ற ஐந்தாவது சக்கரம் ஒன்றைக் கட்டி இழுத்து அளந்துகொண்டிருந்தன. அந்த வேலையைச் செயற்கைக்கோளைப் பார்த்து அளக்கும் சிறு பெட்டி எடுத்துக்கொண்டது. பூஜ்யத்திலிருந்து நூறைத் தொட எத்தனை விநாடி, கால் மைலுக்கு எத்தனை என்று பத்தில் ஒரு பங்கு வரை அச்சில் வந்தது. கம்பெனி விளம்பரம் சொன்ன எண்ணும் இதழ் சொன்ன எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க, வாசகன் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டையும் கழித்துப் பார்த்தான்.

நேர்கோட்டு ஓட்டமும் செத்துவிடவில்லை. பெங்களூர் ஜக்கூர் விமானத் தளத்திலும், லோனாவாலா பக்கம் ஆம்பி வேலி ஓடுபாதையிலும் கால் மைல் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. கால் மைல் என்பது 402 மீட்டர். பிள்ளையாரை வேண்டிக்கொள்வதற்குள் முடிந்துவிடும். இருங்காட்டுக்கோட்டையிலும் இந்த வகைப் போட்டி உண்டு. நான்குவழிச் சாலையில் நடுராத்திரியில் இதையே செய்கிறவர்களும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு அவர்களுக்காகவே எழுதப்பட்டது, எனக்கும் அவர்கள்மேல் இரக்கம் கிடையாது.

2018 ஆகஸ்டில் போன்வில் உப்புவெளியில் கைலா ரிவாஸ் என்ற 18 வயது அமெரிக்கப் பெண் ஒரு பைக்கில் ஏறினார். ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650. சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் வண்டி. இந்தியக் கடைகளில் விற்பனைக்கு வந்திருக்கவில்லை. அதை வேக ஓட்டத்துக்காக மாற்றியமைத்திருந்தார்கள். 150 மைலைத் தாண்டினார், அதாவது மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல். எழுபது ஆண்டுக்கு முன் ரோலி ஃப்ரீ படுத்துக்கொண்டு போன அதே வெளி, அதே வேகம். ஒளிக்கற்றை அளந்தது, அதிகாரிகள் கையெழுத்திட்டார்கள், உலகத்துக் கார், பைக் இதழ்கள் எல்லாம் எழுதின. திருவொற்றியூரில் ஐம்பதுகள் முதல் என்ஃபீல்டு பூட்டிய எத்தனையோ வண்டிகள் சோழவரத்து நேர்கோட்டில் ஓடியிருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கும் இப்படி ஒரு சீட்டு இல்லை.

அடுத்த இதழில்: கரிவரதனின் பட்டறையும் அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் எழுந்த தளமும்.