சக்தி வழிபாட்டிலிருந்து சட்டம் வரை: இந்து தேசியச் சிந்தனையும் பெண் உரிமையும்

இந்து தேசியச் சிந்தனை பெண்களைப் பற்றி என்ன சொன்னது என்று ஆராய்பவர்கள் நாகபுரிக்கும் பூனாவுக்கும் போவது வழக்கம். தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்குத் தனியாக ஒரு வரலாறு உண்டு. அதன் முக்கியமான பகுதி பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலும், அதன் விளிம்பில் இருந்த பிரெஞ்சுப் புதுச்சேரியிலும் நடந்தது. 1908இல் சுப்பிரமணிய பாரதி அடைக்கலம் தேடிப் போன ரயில்பாதை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்தே புதுச்சேரியை அடைகிறது. நாற்பதாண்டு கழித்து, அவர் எழுதிக் கேட்டவற்றில் சிலவற்றைச் சட்டமாக்கிய அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர்க்காரர்.

பாரதிக்கு முன், அவர் குருவாக ஏற்ற நிவேதிதாவைப் பார்க்க வேண்டும். மார்கரெட் நோபிள் என்ற பெயருடன் அயர்லாந்தில் பிறந்த அவர் விவேகானந்தரின் சீடராக 1898இல் இந்தியாவுக்கு வந்தார். அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். சாரதா தேவி அதைத் தொடங்கி வைத்தார். 1904இல் வெளிவந்த 'இந்திய வாழ்வின் வலை' என்ற ஆங்கில நூலில் இந்துக் குடும்பத்தையும், தாயையும், கைம்பெண்ணின் தவ வாழ்வையும் உயர்த்திப் பேசினார். இந்து சமயம் தற்காப்பை விட்டு முன்னேறித் தாக்கும் நிலைக்கு வரவேண்டும் என்று வாதிட்ட சிறுநூலையும் எழுதினார். பெண்கள் படிக்கவேண்டும், ஆனால் அந்தக் கல்வி நாட்டின் மரபில் வேரூன்றியதாக இருக்கவேண்டும் என்பதே அவர் கொள்கை. படித்த பெண் நாட்டுக்குத் தொண்டு செய்வாள். அவளுக்குச் சொத்து வேண்டுமா, மணவிலக்கு வேண்டுமா என்ற கேள்விகள் அந்தத் திட்டத்தின் மையத்தில் இல்லை.

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 1889இல் வங்காளத்தில் பூல்மணி தாசி என்ற சிறுமி, தன்னைவிடப் பல மடங்கு வயதான கணவனால் உயிரிழந்தாள். அதைத் தொடர்ந்து 1891இல் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் வந்தது. திலகர் அதை எதிர்த்தார். அந்நிய அரசு எங்கள் வீட்டுக்குள் கை வைக்கக்கூடாது என்பது அவர் வாதம். நாடு முதலில், வீடு பிறகு என்ற வரிசை அன்று உறுதிப்பட்டது. ஒரு குழந்தையின் சாவுக்குப் பின்னும் அந்த வரிசை மாறாமல் நின்றது தேசிய இயக்கத்தின் பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

அரசியலில் பாரதி திலகர் பக்கம். பெண்கள் விஷயத்தில் அவருக்கு வேறு ஆசான்கள் இருந்தார்கள். அவரைச் சுதேசமித்திரனில் சேர்த்துக்கொண்ட ஜி. சுப்பிரமணிய ஐயர், கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889இல் மறுமணம் செய்து வைத்து, அதற்காகச் சமூக விலக்கை ஏற்றவர். 1905இல் தொடங்கிய 'சக்கரவர்த்தினி' மாத இதழ் பெண்களுக்கானது. அதன் ஆசிரியர் பாரதி. பிறகு கல்கத்தாவில் நிவேதிதாவைச் சந்தித்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அவர் கேட்டதாகவும், பாரதி சொன்ன பதிலுக்குக் கடிந்துகொண்டதாகவும் நண்பர்கள் வழி வந்த செய்தி சொல்கிறது. 1908லும் 1909லும் வெளியிட்ட பாடல் தொகுப்புகளை அவர் நிவேதிதாவுக்கே காணிக்கையாக்கினார்.

ஆனால் குரு நின்ற இடத்தில் சீடர் நிற்கவில்லை. புதுச்சேரி வாழ்வின் பிற்பகுதியில் பாரதி எழுதிய பெண் விடுதலைக் கட்டுரைகள் நிவேதிதாவின் நூலிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டவை. பூப்பெய்துமுன் மணம் கூடாது. பெண்ணுக்கு விருப்பமில்லாதவனைக் கட்டாயப்படுத்திக் கட்டிவைக்கக்கூடாது. கணவனை விட்டு நீங்கவும் இடமிருக்க வேண்டும், நீங்கியவளை அவமதிக்கக்கூடாது. தகப்பன் சொத்தில் சமபாகம் வேண்டும். மணமே வேண்டாம் என்று தொழில் செய்து தனியாக வாழ விரும்புகிறவளைத் தடுக்கக்கூடாது. உயர்கல்வியும் அரசுப் பணியும் ஆட்சியுரிமையும் வேண்டும். இவற்றைக் கேட்கும்போது அவர் சமயத்தை உதறவில்லை. சக்தியே முதற்பொருள் என்று கும்பிடுகிறவன் வீட்டுப் பெண்ணை அடைத்து வைப்பது எந்த வழிபாடு என்று அந்தச் சமயத்துக்குள் நின்றே வழக்காடினார். வணக்கத்துக்குரிய தாயை உரிமையுள்ள ஆளாக மாற்றியதுதான் பாரதி செய்த பெரிய வேலை.

அதற்கு ஓர் எல்லையும் உண்டு. குழந்தை மணமும் கைம்மைக் கொடுமையும் மேல்சாதி வீடுகளில்தான் மிகக் கடுமையாக இருந்தன. தென்னார்க்காட்டு வயல்களில் வேலை செய்த பல சாதிப் பெண்களுக்கு அறுத்துக் கட்டுவதும் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள்வதும் புழக்கத்தில் இருந்தன. அவர்களுடைய துன்பம் கூலியிலும் நிலத்திலும் தீண்டாமையிலும் இருந்தது. பாரதியின் பட்டியலில் அவர்களை நேரே தொடுவது சொத்துரிமை ஒன்றுதான்.

1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்த பாரதி கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார், 1921இல் மறைந்தார். அதன்பின் பெண் உரிமைக் கேள்வி சட்டமன்றத்துக்குப் போனது. 1926இல் உறுப்பினரான முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானமும், பிறகு 1930இல் மசோதாவும் கொண்டுவந்தார். எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தவர் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி. சமயமும் கலையும் அழிந்துவிடும் என்ற அச்சம் அந்த எதிர்ப்பின் அடியில் இருந்தது.

மசோதா பல ஆண்டுகள் கிடந்து 1947இல்தான் சட்டமானது. அப்போது மாகாணப் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். வள்ளலார் நெறியிலும் ரமணரிடத்திலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட விவசாயி. பதவி விலகிய பின் வடலூரில் போய்த் தங்கியவர். அவரை இந்து மகாசபைப் பொருளில் இந்து தேசியவாதி என்று சொல்வது தவறு. ஆயினும் பக்தியும் நாட்டுப்பற்றும் ஒன்றாக இருந்த மனிதர். அவர் ஆட்சியில் தேவதாசி ஒழிப்புச் சட்டத்துடன் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது. 1949இல் இந்து ஆண்களின் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கும் வழிவிட்ட சென்னை மாகாணச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் பாரதி எழுத்துகளின் உரிமையையும் அவர் அரசு எடுத்துக்கொண்டது. எழுத்தின் உரிமை அரசிடம் வந்ததும் எழுத்தில் கேட்ட உரிமையில் ஒரு பகுதி சட்டமானதும் ஒரே அமைச்சரவையின் கையால் நடந்தது தற்செயலாகவே இருக்கலாம். என்றாலும் ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

அந்த 1949இல் வடக்கே நிலைமை வேறு. அம்பேத்கர் முன்வைத்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை இந்து மகாசபையும் ஆர்.எஸ்.எஸ்ஸும் கடுமையாக எதிர்த்தன. சியாமா பிரசாத் முகர்ஜியும் நாடாளுமன்றத்தில் எதிர்த்தார். மசோதா முடங்கியதால் மனம் வெதும்பி 1951இல் அம்பேத்கர் பதவி விலகினார். 1936இல் வார்தாவில் லட்சுமிபாய் கேல்கர் தொடங்கிய ராஷ்டிர சேவிகா சமிதி பெண்களை அமைப்பாகத் திரட்டியது. ஆனால் தாய்மை அதன் முக்கிய இலட்சியங்களில் ஒன்று. நிவேதிதாவின் திட்டத்தோடு அதற்கு நெருக்கம் அதிகம், பாரதியின் பட்டியலோடு குறைவு.

ஓமந்தூரார் அரசு தொடாமல் விட்டது பாரதியின் சமபாகக் கோரிக்கை. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டமும் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளை மகனுக்கு இணையாக்கவில்லை. தமிழ்நாடு 1989இல் செய்த திருத்தம் இணையாக்கியது. ஆனால் அவ்வாண்டு மார்ச் 25க்கு முன் மணமான மகள்களை விலக்கிவிட்டது. 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் வந்தபிறகே அந்த விலக்கு நீங்கியது. திண்டிவனம் பக்கத்து மணிலா என்னும் நிலக்கடலைக் கொல்லைகளில் களையெடுப்பவர்களும் காய் பறிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. சட்டம் மாறியும், பட்டாவில் பெயர் சேர்க்கச் சொல்லி அண்ணன் தம்பியிடம் கேட்கும் மகளுக்கு, சீர் செய்தாயிற்றே என்ற பதில்தான் பல வீடுகளில் இன்றும் கிடைக்கிறது.